பூனை வடை தூக்கிய பிற்பகல்

சம்பூர்ணத்தின் வேலை சந்தோஷமாக இருப்பது.

காலையில் வந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வார். மருத்துவமனையின் மேல்மாடியில் அவருக்கென்று ஓர் அறை. சாய்வு நாற்காலி, பாட்டுப் பெட்டி, ஜன்னலுக்கு வெளியே வைகையின் மணல். எதைக் கேட்டாலும் கேண்டீனிலிருந்து வரும். சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்துவிட்டு செல்லூருக்கு பஸ் ஏறுவார்.

கீழே, வெளிநோயாளிகள் பிரிவில், டோக்கனோடு ஒரு பட்டையும் கொடுப்பார்கள். மேலே சம்பூர்ணத்துக்குச் சந்தோஷம் வந்தால் கீழே வரிசை முழுவதற்கும் வரும்.

"சிரிக்கிறதுக்குச் சம்பளமா?" என்றான் சிக்கந்தர்.

"சிரிக்கிறதுக்கு இல்ல. உள்ள சந்தோஷமா இருக்கணும். நடிச்சா பட்டை எடுத்துக்காது," என்றாள் தாரணி.

"அப்ப நம்ம டிபார்ட்மெண்ட்ல ஒருத்தனும் தேறமாட்டான்."

இருவரும் மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். அவன் தலைப்பு பால் விநியோகம். அவள் தலைப்பு இந்தப் பட்டை. பல்கலைக்கழகக் கேண்டீனில் டீயை ஆற விட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவளுக்கு வாய்மொழித் தேர்வு.

"வலியும் அதுல போகுமா?"

"போகாது. வடிகட்டிருவாங்க. சந்தோஷம் மட்டும் போகும். மேலேருந்து கீழ. கீழேருந்து மேல எதுவும் போகாது."

"ஏன்?"

"முதல்ல கீழேருந்து மேலதான் வச்சிருந்தோம். என் யோசனையே அதுதான். நோயாளிக்கு வலிச்சா டாக்டருக்குத் தெரியணும். ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டா நம்ம ஆளுங்க என்ன சொல்வாங்க? ‘நல்லாருக்கேன் டாக்டர்.’ நல்லாருக்கறவன் எதுக்குடா ஆஸ்பத்திரிக்கு வர்றான்?"

"நியாயம். அப்புறம்?"

"ரெண்டு டாக்டர் கட்டிப் பாத்தாங்க. ஒருத்தர் மத்தியானமே கழட்டி வீசிட்டாரு. இன்னொருத்தர் தெரியாத்தனமா பிரசவ வார்டுப் பக்கம் போயிட்டாரு."

சிக்கந்தர் வாயிலிருந்த டீயைக் காப்பாற்றப் பெரும்பாடு பட்டான்.

அதன்பிறகுதான் ‘இதம்’ என்ற நிறுவனம் வந்தது. அதன் தலைவர் முரளிதர், இளவயதுக்காரர், மடித்துவிட்ட சட்டைக் கை. வலியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டார். திசையைத் திருப்பிப் போட்டார். தாரணிக்கு ஆய்வு உதவித்தொகையும் போட்டுக் கொடுத்தார். பட்டை மின்சாரத்தில் ஓடியது. ஆனால் அதற்குள் ஓட ஒரு நிஜமான சந்தோஷம் தேவைப்பட்டது. அதை அவர்கள் ‘ஊற்று’ என்றார்கள். ஊரெல்லாம் தேடி, ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்த சம்பூர்ணத்தைக் கண்டெடுத்தார்கள்.

சம்பூர்ணத்துக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். குணம் அப்படி. தாரணி வாரத்துக்கொரு முறை பேட்டி காணப் போவாள். பேட்டி என்பது பேருக்குத்தான். போனால் வயிறு வலிக்கத் திரும்புவாள்.

"கேளு பாப்பா. பெரிய டாக்டரு கேண்டீன் முத்தத்துல நின்னு போன்ல பேசுறாரு. கையில வடை. பேச்சு வேகத்துல வடைய நீட்டி நீட்டிப் பேசுறாரு. ஒரு பூனை பாத்துச்சு. தனக்குத்தான் நீட்டுறாருன்னு நெனச்சுக்கிருச்சு. மருவாதையா ரெண்டு கால்ல எந்திரிச்சு, வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. அவருக்குத் தெரியல. வெறுங்கைய வாயில வச்சுக் கடிக்கிறாரு!"

"எப்பக்கா?"

"போன செவ்வாக்கெழமை. அன்னிக்குப் பூராம் சிரிச்சேன். கீழயும் ஒரே கூத்தாம்ல? நர்ஸம்மா சொன்னுச்சு."

கூத்துதான். கருவியில் பதிவான அளவு அன்றைக்கு உச்சத்துக்குப் போயிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் இன்னொரு ஊசி கேட்டன. பில்லைப் பார்த்துக் கைதட்டினார்கள். மருத்துவர்களும் கட்டியிருந்தார்கள். அவர்களும் மனிதர்கள்தானே, காலையிலிருந்து அழுமூஞ்சிகளையே பார்க்கிறார்கள் என்று முரளிதர்தான் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். புகார்ப் பெட்டியில் ஒட்டடை படிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அழகுமலை வந்தார்.

ஆட்டோ ஓட்டுநர். நாக்கு குழறுகிறது, கை மரத்துப்போகிறது என்று வந்தார். பட்டையைக் கட்டினார்கள். அதன்பின் எல்லாருமாகச் சிரித்தார்கள், மருத்துவர் உட்பட. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். இரவு திரும்பக் கொண்டுவந்தபோது மூளையில் அடைத்திருந்த ரத்தம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது. மத்தியானமே பார்த்திருந்தால் கை பிழைத்திருக்கும்.

தாரணி இதை ஓர் அத்தியாயமாக எழுதினாள். அவரைப்போலவே வலியைச் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து அதில் சேர்த்தாள். அவளுடைய நெறியாளர் விசாலம் மேடம் அதைப் படித்துவிட்டு கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்ல அத்தியாயம். யாரு இல்லங்கறா? பின்னிணைப்புல போடு."

"பின்னிணைப்ப யாரு மேடம் படிப்பாங்க?"

"அதுக்குத்தான்மா." மேடம் குரலைத் தாழ்த்தினார். "உன் உதவித்தொகை அவங்களோடது. நம்ம லேப் அவங்களோடது. எனக்கு மேல இருக்கற ஏசியும் அவங்களோடது. பட்டத்த வாங்கு. அப்புறம் உலகத்தத் திருத்து."

நல்ல மனுஷி. அதுதான் சிக்கல். தாரணி அத்தியாயத்தைப் பின்னிணைப்புக்கு அனுப்பினாள். ஆய்வேடு திருநெல்வேலியிலிருந்த புறத்தேர்வாளருக்குப் போனது. அவர் பின்னிணைப்பைப் படிக்கவில்லை. அவருடைய அறிக்கையைப் பார்த்தபோதே தெரிந்தது.

இப்போது மிச்சமிருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அது முடிந்த கையோடு, அன்று மாலையே, மாவட்ட மருத்துவமனைகள் அத்தனைக்கும் பட்டை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. ‘பல்கலைக்கழகம் ஏற்றது’ என்ற ஒரு வரிக்காக முரளிதர் காத்திருந்தார்.

"நாளைக்குச் சொல்லிரப் போறேன்," என்றாள் தாரணி.

"மேடம் கொன்னுருவாங்க."

"பொது வாய்மொழித் தேர்வுதான? பொதுமக்கள் யாரு வேணாலும் கேள்வி கேக்கலாம்."

கேட்கலாம். யாரும் கேட்பதில்லை. எனவே கேள்விகளை ஆய்வாளரே எழுதி நண்பர்களுக்கு முன்கூட்டியே பிரித்துக் கொடுப்பது துறையின் வழக்கம். பதிலும் ஆய்வாளரிடமே இருக்கும். எல்லாருக்கும் நிம்மதி. தாரணி ஒரு துண்டுத் தாளை மேசையில் தள்ளினாள்.

சிக்கந்தர் வாசித்தான். "‘பின்னிணைப்பில் வரும் ஆட்டோ ஓட்டுநரைப் பற்றி விளக்க முடியுமா?’" தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "என் கைடும் அங்கதான் உக்காந்திருப்பாரு, தெரியும்ல?"

"தெரியும்."

"ரெண்டு சமோசா வேணும்."

"மூணு தர்றேன்."

மறுநாள் கருத்தரங்கக் கூடத்தின் வாசலிலேயே பைகள் கொடுத்தார்கள். பைக்குள் பேனா, முந்திரி கேக், ஒரு பட்டை. ‘இதம்’ நிறுவனத்தின் அன்பளிப்பு. சும்மா கிடைத்ததை வாங்காமல் போகும் கூட்டம் தமிழ்நாட்டில் இன்னும் கூடியதில்லை. வந்தவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கட்டிக்கொண்டார்கள். அடுத்த துறையிலிருந்து சமோசாவுக்காக வந்தவர்கள் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டார்கள்.

முரளிதர் சம்பூர்ணத்தைக் காரில் அழைத்து வந்திருந்தார். பக்கத்து ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து பாட்டுப் போட்டுவிட்டால் போதும் என்றார்.

விசாலம் மேடத்துக்கு அது பொறுக்கவில்லை. "வந்த விருந்தாளிய ஸ்டோர் ரூம்லயா? என் டிபார்ட்மெண்ட்ல அது நடக்காது தம்பி."

"இல்ல மேடம், அவங்க தனியா இருந்தாத்தான் டெமோ பக்காவா வரும்."

"தலைபோனாலும் நடக்காது."

முரளிதர் ஏற்கெனவே பட்டை கட்டியிருந்தார். மறுத்துப் பேச அவருக்கு மனசே வரவில்லை. "நீங்க சொன்னா சரி மேடம்," என்று சிரித்தார்.

சம்பூர்ணத்துக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் முதல் பொன்னாடை. அவர் அதைத் தடவிப் பார்த்தார். கூடம் முழுவதும் உட்கார்ந்த இடத்தில் ஒரு விரற்கடை உயர்ந்தது போலிருந்தது.

"நீ கட்டலையா?" என்று மேடம் தாரணியின் கையைப் பிடித்தார். "எல்லாரும் கட்டியிருக்காங்க. நீ மட்டும் கட்டலன்னா நல்லாருக்காது." அவரே கட்டிவிட்டார்.

முதலில் கழுத்துக்குப் பின்னால் ஒரு கூச்சம். பிறகு முதுகில் யாரோ சோடா பாட்டிலைத் திறந்ததுபோல். தாரணி ராத்திரியெல்லாம் கட்டிச் சுமந்து வந்திருந்த பயம் எங்கே போனது என்று தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காதது வேடிக்கையாக இருந்தது.

புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. கூடம் கைதட்டியது. மின்விசிறி கிறீச்சிட்டது. அதற்கும் கைதட்டினார்கள். புறத்தேர்வாளர் தேவசகாயம் சாரைப் பற்றிப் பல கதைகள் உண்டு. ஒரு மாணவரை நின்ற இடத்தில் அழவைத்தவர். ஒரு பக்கம் நிறையக் கேள்விகளோடு வந்திருந்தார். முதல் கேள்வியைப் பார்த்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தாளில் ராக்கெட் செய்து முரளிதர்மீது விட்டார்.

"மாதிரி எப்படி எடுத்தே?" என்றார்.

"கையால எடுத்தேன் சார்," என்றாள் தாரணி.

"ஏ, அபாரம்!"

முன்வரிசையில் சம்பூர்ணம் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கினார். படித்தவர்கள் இவ்வளவு தமாஷானவர்கள் என்று அவர் நினைத்ததில்லை.

சிக்கந்தர் எழுந்தான். துண்டுத் தாளைப் பிரித்தான். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் சிரித்துவிட்டான். "பின்னிணைப்புல ஒரு ஆட்டோக்காரர் வர்றாராமே! அவரப் பத்தி..."

தாரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லப்போகிறாள்!

"அழகுமலைன்னு பேரு. நாக்கு குழறுதுன்னு வந்தாரு. டாக்டர் பேரு கேட்டாரு. அவரு பேரே அவருக்கு வரல. ‘அலு... அலுகு...’ன்னாரு."

கூடம் வெடித்தது.

"டாக்டரும் சிரிச்சாரு. இன்னொரு தடவ சொல்லுங்கன்னாரு. வரிசைல இருந்தவங்க பூராம் அதே மாதிரி சொல்லிப் பாத்தாங்க. அவரு கையில டோக்கன் நிக்கல. எடுத்தாரு, விழுந்துச்சு. எடுத்தாரு, விழுந்துச்சு. அவரும் சிரிக்கிறாரு!"

யாரோ நாற்காலியிலிருந்து சரிந்தார்கள். விசாலம் மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தாரணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். இது சிரிக்கிற விஷயமில்லை என்று எங்கோ ஒரு மூலையில் தெரிந்தது. பட்டையைக் கழற்ற ஒரு விரல் போதும், ஒரு சொடுக்கு. யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இவ்வளவு நன்றாக இருக்கும்போது யார் கழற்றுவார்கள்?

"வெயில்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சிரிச்சுக்கிட்டே போனாரு. அது எந்த நாள் தெரியுமா? பூனை பெரிய டாக்டரோட வடைய வாங்கிட்டுப் போச்சே, அன்னிக்கு! அன்னிக்கு ராத்திரி அவரத் தூக்கிட்டு வந்தப்ப..."

சிரிப்பு நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. கரண்ட் போனதுபோல் ஒரேயடியாக. மேசையைத் தட்டிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. மின்விசிறியின் கிறீச் மட்டும் கேட்டது.

சம்பூர்ணம் சமோசாவைத் தட்டில் வைத்திருந்தார். அவர் கையிலிருந்தது அனுப்பும் பட்டை. அதற்கு எதுவும் வந்து சேராது. அந்தக் கூடத்தில் இவ்வளவு நேரமும் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"பூனை அன்னிக்கா பாப்பா?"

"ஆமாக்கா."

"நான் சிரிச்சதாலயா?"

தாரணி மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"அந்த மனுசன் இப்ப எப்படி இருக்காரு?"

எல்லாரும் தாரணியைப் பார்த்தார்கள். பட்டை கட்டியிருந்தும் சும்மா இருந்த முகங்கள். அவள் கேட்டுக் காத்திருந்த நிமிஷம் இதுதான். தேவசகாயம் சார் குனிந்து கீழே கிடந்த ராக்கெட்டை எடுத்துப் பிரித்து நீவினார். முரளிதரின் கை போனைத் தேடியது. விசாலம் மேடம் தலையை மிகமிக லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. ஐந்தாறு வருஷப் படிப்பு தாரணிக்கு நினைவுக்கு வந்தது.

"நல்லாருக்காருக்கா," என்றாள்.

தானாக வந்தது. யார் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் நாக்கு தானாகச் சொல்லும் வார்த்தை. எந்த வார்த்தையை ஆராயப் புறப்பட்டாளோ அதே வார்த்தை.

சம்பூர்ணம் நெஞ்சில் கை வைத்தார். "அப்பாடி," என்றார். "வயித்துல பால வார்த்த தாயி."

ஆறுதலைவிடப் பெரிய சந்தோஷம் உண்டா? அது கூடத்தின் மேல் வந்து விழுந்தது. பொன்னாடைக்கு வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தேவசகாயம் சார் மைக்கைப் பிடுங்கினார். "பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்! பின்னிணைப்பு அதைவிடப் பிரமாதம்!" முரளிதர் எழுந்து நின்று கைதட்டினார். தன் கழுத்துக்கு வந்த கத்தி என்று தெரிந்தும் கைதட்டினார். மேடம் தாரணியைக் கட்டிப்பிடித்தார். சிக்கந்தர் மூன்று சமோசாவையும் உயர்த்திக் காட்டினான்.

தாரணி மிதந்துகொண்டே வெளியே வந்தாள். தாழ்வாரக் குழாயில் முகம் கழுவினாள். தண்ணீர் கிச்சுகிச்சு மூட்டியது. டாக்டர் தாரணி. டாக்டர் தாரணி.

"பாப்பா."

சம்பூர்ணம் எண்ணெய்க் கையைக் கழுவ வந்திருந்தார். பொன்னாடை ஈரமாகாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"நெசமாவே அவரு நல்லாருக்காரா? இல்ல, நான் சிரிக்கணும்னு சொன்னியா?"

தாரணி சிரித்தாள். வேறொன்றும் செய்ய முடியவில்லை. இன்னொரு முறை நல்லாருக்கார் என்று சொல்ல நாக்கு எழுந்தது.

பட்டையைச் சொடுக்கினாள். அது குழாயடியில் விழுந்தது.

தரை காலுக்கு வந்தது. முகத்திலிருந்த தண்ணீர் குளிர்ந்தது.

"வலது கை வரலக்கா. பேச்சு பாதிதான். ஆட்டோவ வித்துட்டாங்க. அவங்க வீட்டம்மா இட்லி மாவு அரைச்சுக் குடுக்கிறாங்க."

சம்பூர்ணம் குழாயை மூடினார். சரியாக மூடியதா என்று பார்த்தார்.

"அப்ப நல்லா இல்ல."

"இல்ல."

"அத ஏன் அங்கன சொல்லல?"

"பயந்துட்டேன்க்கா."

"இத்தன படிச்சுமா?" கிண்டலில்லை. நிஜமாகவே கேட்டார். பிறகு தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "‘உங்க சிரிப்பு கீழ வர்றவுகளுக்கு மருந்து’ன்னு சொன்னாக. நம்பி வயிறு வலிக்கச் சிரிச்சேன்." பட்டையின் கொக்கியில் விரலை வைத்தார்.

கூடத்துக்குள் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. சமோசாத் தட்டுகளின் ஓசை ஒவ்வொன்றாக நின்றது. வாசலுக்கு அருகில் இருந்தவர்கள் எதையோ மறந்துவிட்டவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாரணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"கழட்டாதீங்கக்கா. கொஞ்ச நேரம். உள்ள வந்து அதே எடத்துல உக்காருங்க."

"இப்ப எனக்குச் சிரிப்பு வராது பாப்பா."

"வர வேணாம்."

இருவரும் உள்ளே போனார்கள். சம்பூர்ணம் முன்வரிசையில் உட்கார்ந்து பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மேடையில் தேவசகாயம் சார் அறிக்கையை விரித்து வைத்திருந்தார். பேனா மூடி திறந்திருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. தான் எதில் கையெழுத்துப் போடப்போகிறோம் என்று முதல் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

விசாலம் மேடம் தாரணியின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

தாரணிக்குத் தலை சுற்றியது. சித்திரைப் பொருட்காட்சி ராட்டினம் உச்சியில் போய் ஒரு நிமிஷம் நிற்குமே, அப்படி. கத்தலாம் போலவும் சிரிக்கலாம் போலவும் இருந்தது. கையில் பட்டை இல்லை. இது யாரிடமிருந்தும் வந்ததில்லை.

மைக் கீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"நான் சொன்னதுல ஒரு திருத்தம்," என்றாள் தாரணி.

முன்வரிசையில் சம்பூர்ணம் காதைக் கொடுத்தார். கூடம் முழுவதும் கொடுத்தது.